அமராவதியில் விட்ட சிங்கர்

அன்று ஆற்றில் மூன்று பேர் இருந்தோம்: வேஸ்ட் கடை காதர் பாய், நிட்டிங் ஆபரேட்டர் ஜெபராஜ் அண்ணன், நான். ஜெபராஜ் அண்ணனின் மனைவி முத்துமாரி அக்கா வரவில்லை. ஏழு மாத வயிற்றோடு முதலிபாளையத்தில், கம்பெனி கொடுத்த அறையில் இருந்தார். ஃபிட்டர் சின்னச்சாமி அண்ணனும் இல்லை. அவரை யாரும் கூப்பிடவில்லை. அவர் மட்டும் வந்திருந்தால், ஜெபராஜ் அண்ணன் பையைத் திறந்ததுமே, "ஏம்பா, இதை எந்த டின்னுல இருந்து எடுத்தே?" என்று கேட்டிருப்பார். அந்தக் கேள்வியோடு எல்லாம் நின்றிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. தாராபுரத்தைத் தாண்டி அமராவதியின் கரை. அணையில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். ஆறு டீத்தண்ணி நிறத்தில் ஓடியது. பாறை இருக்கும் இடங்களில் தண்ணீர் முதுகைத் தூக்கி மடிந்தது. கரையோரக் கோரை முழுவதும் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது.

காதர் பாய் ஒரு கூழாங்கல்லைப் பனியன் துணியில் கட்டி, தூண்டில் நரம்போடு சேர்த்து உள்ளே வீசினார். கல் அடியைத் தொட்டது தெரிந்தது. தொட்டதும் உருள ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் நரம்பு மொத்தமும் வளைந்து கரையோரமாக வந்து நின்றது.

"பாத்தியா மாப்ளே, இரை நடக்குது," என்றார் பாய் என்னிடம். "நடக்கற இரையைச் சேல்கெண்டை தொடாது. அடியில ஒக்காரணும். உருண்டைக் கல்லு இந்தத் தண்ணிக்குப் பந்து மாதிரி. ஜெபராஜு, சிங்கர் எங்கப்பா?"

ஜெபராஜ் அண்ணன் மஞ்சப்பையில் கையை விட்டார்.

அந்த மீன் எதற்கு

தின்ன ஆசைப்பட்டு நாங்கள் அங்கே போகவில்லை.

அந்த வருடம் திருப்பூரில் யாரைப் பார்த்தாலும் இரண்டே பேச்சு. கரண்ட் எப்போது வரும், ஆர்டர் எப்போது வரும். எங்கள் நிட்டிங் யூனிட்டில் பாதி மெஷின்கள் பாலித்தீன் தாள் போர்த்திக் கிடந்தன. நான் அங்கே ரைட்டர். எந்த மெஷின் எத்தனை கிலோ துணி ஓட்டியது என்று எழுதுவது என் வேலை. எழுத ஒன்றும் இல்லாத நாட்களில் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "மெஷினும் ஓட்டி ஃபிட்டிங்கும் பாக்கற ஆளு ரெண்டு பேரு இருக்கறீங்க. தீபாவளிக்கு அப்பறம் ஒருத்தருக்குத்தான் வேலை. யாருன்னு மொதலாளிகிட்ட நான் எழுதிக் குடுக்கோணும்."

அந்த இரண்டு பேர் சின்னச்சாமி அண்ணனும் ஜெபராஜ் அண்ணனும். சின்னச்சாமி அண்ணன் உள்ளூர்க்காரர், பழைய ஆள், சொந்த வீடு. ஜெபராஜ் அண்ணன் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். கடைசியில் சேர்ந்த ஆள்தான் முதலில் போவான் என்பது இந்த ஊரில் சொல்லாமலே தெரியும்.

வேலை போனால் ஜெபராஜ் அண்ணனுக்கு அறையும் போகும். அறை போனால் திரும்பிப் போக ஊர் கிடையாது. அவர் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம். முத்துமாரி அக்கா வீட்டில் அம்மனுக்குக் கொடை கொடுக்கிறவர்கள். இரண்டு பேரும் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி வந்தவர்கள். அக்காவின் அண்ணன்மார் ஒருமுறை பழைய பஸ் ஸ்டாண்டு வரை தேடி வந்து, கடை கடையாகப் போட்டோவைக் காட்டிவிட்டுப் போனதாகக் கேள்வி. கம்பெனிக்கு இரும்புக் கேட்டும் வாட்ச்மேனும் இருந்ததால்தான் வெக்கையான இரவில் அக்கா கதவைத் திறந்துவைத்துத் தூங்கினார். வெளியே வாடகைக்கு எடுத்தால் அது நடக்காது. "பிள்ள பொறக்குற வரைக்குமாவது இந்தக் கேட்டுக்குள்ள இருந்துரணும் தம்பி," என்று என்னிடமே பல தடவை சொல்லியிருக்கிறார்.

மேனேஜர் கொடுமுடிக்காரர். காவிரியில் குளித்து வளர்ந்த மனிதர். ஒருநாள் டீ வேளையில், யாரிடமும் குறிப்பாக இல்லாமல், "இந்த ஐஸ் மீனைத் தின்னு தின்னு நாக்கு செத்துப்போச்சு. ஆத்துச் சேல்கெண்டை, மீசை வெச்சது, ஒண்ணு கெடச்சா எப்படி இருக்கும்!" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டு மெஷினுக்குப் போனார்கள். ஜெபராஜ் அண்ணன் மட்டும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"லஞ்சங்களாண்ணா?" என்று பிறகு கேட்டேன்.

"ஏ தம்பி, லஞ்சம்னா பெரிய வார்த்தை. இது மீனுதான," என்றார். அப்புறம் சிரிக்காமல் சொன்னார்: "என்னையக் கண்டா அவருக்கு ஒரு நல்ல நெனப்பு வரணும். வேற என்னத்தக் குடுக்க முடியும் என்னால?"

மூன்று சிங்கர்

மீன் பிடிக்கத் தெரிந்தவர் காதர் பாய். எங்கள் யூனிட்டின் வேஸ்ட் துணியை வாங்குகிறவர். வாரம் ஆறு நாள் கட்டிங் வேஸ்டும் நூல் வேஸ்டும் எடை போட்டுவிட்டு ஏழாம் நாள் ஆற்றில் இருப்பார். கோயமுத்தூரில் வாங்கிய ராடும் ரீலும் வைத்திருந்தார். அதை டிவிஎஸ் வண்டியில் கட்டிக்கொண்டு அவர் போவதைப் பார்த்தால் ஆன்டெனா மாட்டப் போகிறவர் மாதிரி இருக்கும்.

வெள்ளிக்கிழமை ஜெபராஜ் அண்ணன் அவரைப் பிடித்துக் கேட்டபோது பாய் சொன்னது இதுதான்: "அணையைத் தொறந்திருக்காங்க, இழுப்பு ஜாஸ்தி. இரை, ராடு எல்லாம் என்கிட்ட இருக்கு. சிங்கர்தான் இல்ல. போன வாரம் பூராத்தையும் பாறையில விட்டுட்டேன். நல்ல கனமான சிங்கரா ஏற்பாடு பண்ணிக்க."

"சிங்கர்தான பாய்? கம்பெனில டின் நெறயாக் கெடக்கு," என்றார் ஜெபராஜ் அண்ணன்.

திருப்பூர் தெரியாத வாசகர்களுக்கு இந்தச் சொல்லைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊரில் சிங்கர் என்றால் முதலில் தையல் மெஷின், அதில் உட்காரும் டெய்லருக்கும் சேர்த்து அதே பேர். "சிங்கர் டெய்லர் தேவை" என்று கம்பெனி வாசலில் போர்டு தொங்கும். நிட்டிங் யூனிட்டுக்குள் வந்தால் சிங்கர் வேறு. வட்டமான நிட்டிங் மெஷினில் ஊசிகளுக்கு நடுவே ஒன்றுவிட்டு ஒன்றாக நிற்கும் மெல்லிய எஃகுத் தகடு அது. விரல் நீளம், முனையில் பறவை மூக்கு மாதிரி ஒரு வளைவு. ஊசி நூலைக் கண்ணியாக இழுத்துக்கொண்டு மேலே போகும்போது துணியும் கூடவே மேலே போய்விடாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. ஒரு மெஷினுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் தேவைப்படும்.

தூண்டில்காரர்கள் நரம்பில் கட்டும் ஈயக் குண்டுக்கும் அதே பேர்தான் என்பது அந்த ஞாயிற்றுக்கிழமை வரை எனக்குத் தெரியாது. காலேஜில் பி.காம். படித்தவன் நான். எங்கள் வீட்டில் மருந்து பாட்டிலையும் ரேஷன் கார்டையும் படித்துச் சொன்ன முதல் ஆள். ஆனாலும் இந்தச் சொல்லை நிட்டிங்கில்தான் கேட்டிருந்தேன். ஜெபராஜ் அண்ணனும் அப்படித்தான்.

ஆகவே, ஆற்றங்கரையில் அவர் மஞ்சப்பையிலிருந்து கை நிறைய எடுத்து நீட்டியது நிட்டிங் மெஷினின் சிங்கர் தகடுகள்.

காதர் பாய் பார்த்தார். பார்த்துவிட்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பில் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"யா அல்லா! நான் தூண்டி சிங்கர் கேட்டா நீ பனியன் சிங்கரைக் கொண்டாந்திருக்கே! மீனுக்கு ஜட்டி தெக்கப் போறியா?"

"பேரு ஒண்ணுதான பாய்," என்றார் ஜெபராஜ் அண்ணன், முகம் சுண்டிப் போய். "இரும்புதான இதுவும்? வெயிட்டு இருக்குல்லா?"

பாய் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு தகட்டை எடுத்து விரலில் வைத்துப் பார்த்தார். மூக்கைத் தடவினார். பிறகு ஒரு பிடியை எடுத்து அடுக்கி, உள்ளங்கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"இரு," என்றார்.

இரை உட்கார்ந்தது

தகடுகளை அடுக்கி, நடுவில் லைக்ரா நூலால் இறுக்கிக் கட்டினார். பனியனில் இழுவைக்குப் போடுகிற அதே ரப்பர் மாதிரி நூல்தான். கட்டியதும் தகடுகள் ஒரு பக்கம் விசிறி போல விரிந்தன. மூக்குகள் எல்லாம் ஒரே திசையில் நீட்டிக்கொண்டு நின்றன.

"தட்டையா இருக்கு, உருளாது. மூக்கு சரளையைக் கவ்வும்," என்றார் பாய். "ஜெபராஜு, உன் கிறுக்குத்தனம் இன்னிக்கு வேல செஞ்சாலும் செய்யும்."

இரை கடலைப் புண்ணாக்கும் தவிடும் ராகி மாவும் பிசைந்த உருண்டை. இந்த இழுப்பில் வெறும் மாவு நிற்காது, கரைந்துவிடும் என்று மாவோடு பஞ்சைப் பிய்த்துப் போட்டுப் பிசைந்திருந்தார். உருண்டையைக் கொக்கியில் குத்தி, அதன் மேலும் லைக்ராவை நாலு சுற்றுச் சுற்றினார். மேலே, நீரோட்டத்தின் தலைப்பில், ரிஜெக்ட் ஆன பனியன் கை ஒன்றில் தவிடும் புண்ணாக்கும் கல்லும் அடைத்து இரண்டு பக்கமும் முடிந்து போட்டார். அதிலிருந்து வாசம் தண்ணீரோடு கீழே இறங்கிப் போகும். கெண்டை அந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வரும்.

"சிங்கருக்கும் கொக்கிக்கும் எவ்வளவு விடணும் பாய்?" என்று கேட்டேன்.

"ஒரு முழம். அதிகம் விட்டா தண்ணி இரையைத் தூக்கிக் கொடி மாதிரி பறக்க விடும். ஒட்டி வெச்சா மீசையில இரும்பு படும். சேல்கெண்டைக்குக் கண்ணைவிட மீசைதான் மாப்ளே. கலங்கத் தண்ணியில அதை வெச்சுத்தான் அடியைத் தடவிட்டு வரும். வாயும் கீழ பாத்துத்தான் இருக்கு. தரையில இருந்தாத்தான் எடுக்கும்."

ராடு பாய் கையில். ஜெபராஜ் அண்ணனிடம் கைநரம்பு. நூல் சுற்றி வரும் காகிதக் கோனில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். முதல் வீச்சில் நரம்பை விறைப்பாகப் பிடித்தார். உடனே சிங்கர் கிளம்பிவிட்டது.

"விறைப்பாப் புடிக்காதப்பா!" என்றார் பாய். "தண்ணி இரையையா புடிச்சு இழுக்குது? நரம்பைத்தான் இழுக்குது. தண்ணிக்கு எதுக்கால போட்டு, கூடக் கொஞ்சம் விடு. தண்ணிக்குள்ள அது வில்லு மாதிரி வளஞ்சு நிக்கட்டும். கையை மேல தூக்கி வை. எவ்வளவு நரம்பு தண்ணிக்கு வெளிய இருக்கோ அவ்வளவு நல்லது."

இரண்டாவது வீச்சில் நரம்பைத் தளரவிட்டார். சிங்கர் அடியில் விழுந்து, ஒருமுறை இழுபட்டு, கவ்விக்கொண்டது. நரம்பு தண்ணீரில் ஒரு வளைவாக நின்றது. நின்றது நின்றபடி இருந்தது.

"ஒக்காந்துருச்சு!" என்று கத்தினேன். பாய் என்னை முறைத்தார்.

எனக்கு ஆற்றில் மீன் பிடிப்பதே புதுசு. எங்கள் ஊர் ஊத்துக்குளிக்குத் தெற்கே, நொய்யல் பக்கம். இன்றைக்குத் திருப்பூரில் என்ன கலர் சாயம் ஓடுகிறது என்று நாங்கள் ஆற்றைப் பார்த்துச் சொல்லுவோம். ஆறு என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுகிற ஒன்று என்றுதான் நான் வளர்ந்தேன். அமராவதிக் கரையில் நின்று, கலங்கிய தண்ணீருக்கு அடியில் உயிரோடு ஒன்று தடவித் தடவி மேலே வருகிறது என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கவ்வுகிற மூக்குக்கு ஒரு குறையும் இருந்தது. கவ்வினால் சில சமயம் விடாது. முதல் கட்டு பாறை இடுக்கில் போய் மாட்டி அறுந்தது. அடுத்ததும் போயிற்று. ஜெபராஜ் அண்ணன் பையிலிருந்து பிடி பிடியாக எடுத்துக் கட்டிக்கொண்டே இருந்தார். "கெடக்கு பாய், பழசுதான, எடைக்குப் போடுததுதான்," என்றார். வெயில் ஏறியது. அவர் உதடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது, ஜெபமாக இருக்கலாம்.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் நரம்பு அவர் விரலில் இரண்டு தட்டுத் தட்டியது. அப்புறம் கோன் அவர் கையிலிருந்து துள்ளிப் போயிற்று. பாய்ந்து பிடித்தார். மீன் நேராக இழுப்புக்குள் திரும்பியது. சிங்கர் எங்கோ பாறையில் மாட்டிக்கொண்டது. மீன் அந்தப் பக்கம், நரம்பு இந்தப் பக்கம். ஜெபராஜ் அண்ணன் யோசிக்கவில்லை. இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்.

"ஏறுடா மேல!" பாய் குரல் உடைந்தது. "இது மெஷின் இல்லடா, சுவிட்சைப் போட்டு நிறுத்தறதுக்கு!"

நான் ஓடிப்போய் அவர் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டேன். பாய் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். காலடியில் மணல் கரைந்து போனது. சட்டென்று எங்கோ லைக்ரா அறுந்தது. தகடுகள் ஆற்றோடு போயின. மீன் எங்கள் பக்கம் வந்தது.

மூன்று கிலோவுக்குக் குறையாது. செதில் ஒவ்வொன்றும் எட்டணாக் காசு அகலம். வாயோரம் நாலு மீசை. மணலில் கிடந்து வாயைக் குவித்துக் குவித்து எதையோ உறிஞ்சப் பார்த்தது. ஜெபராஜ் அண்ணன் நனைந்த லுங்கியோடு அதன் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். "முத்து, நாம தப்பிச்சோம்டி," என்று மீனிடம் சொன்னார்.

பை காலியாகியிருந்தது.

பெயிண்ட் டின்

மீனை ஈரப் பனியன் துணியில் சுற்றி, அன்று சாயங்காலமே மேனேஜர் வீட்டில் கொடுத்தார் ஜெபராஜ் அண்ணன். மேனேஜர் வாசலிலேயே துணியைப் பிரித்துப் பார்த்து, மீசையைத் தொட்டுப் பார்த்து, உள்ளே இருந்த அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாராம். திங்கட்கிழமை ராத்திரி ஷிப்ட் ஏறும்போது கம்பெனியில் எல்லோர் முன்னாலும், "ஜெபராஜு, எங்க ஆத்தா கண்ணுல தண்ணி வந்துருச்சப்பா," என்றார். முத்துமாரி அக்கா அந்த வாரம் என்னைக் கூப்பிட்டுத் தேங்காய்ப்பால் சொதி வைத்துக் கொடுத்தார். அவர்களுடைய அறையில் நான் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான்.

அதே திங்கட்கிழமை காலை வேறொன்றும் நடந்தது. ஜெபராஜ் அண்ணனுக்கு அந்த வாரம் நைட் ஷிப்ட் என்பதால் அது அவர் காதுக்கு வரவில்லை.

சனிக்கிழமை சின்னச்சாமி அண்ணன் ஏழாம் நம்பர் மெஷினின் சிங்கர்களை எல்லாம் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப் போட்டிருந்தார். வழக்கமாக ஊறப் போடுகிற ட்ரேயில் ஓட்டை விழுந்திருந்தது. ஆகவே மேஜைக்கு அடியில் கிடந்த பழைய பெயிண்ட் டின்னைக் காலி செய்து அதில் போட்டார். கரண்ட் போகவே, சீட்டு எதுவும் ஒட்டாமல் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அந்த டின்தான் அதுவரைக்கும் தேய்ந்து கழிந்த சிங்கர்களைப் போட்டுவைக்கிற டின். எங்கள் யூனிட்டில் யாருக்கு ஒரு துண்டு இரும்பு தேவை என்றாலும் அதில்தான் கையை விடுவார்கள்.

திங்கட்கிழமை மாட்டும்போது நூற்றுக்கு மேல் குறைந்தது.

"புதுசு கலந்து மாட்டினா கோடு விழுமுங்க," என்றார் சின்னச்சாமி அண்ணன். "ஒரு மெஷினுல இருக்கற சிங்கரெல்லாம் ஒண்ணாத் தேஞ்சதுங்க. நடுவுல புதுசு நின்னா துணியில காட்டிக் குடுத்துருமுங்க."

மேனேஜரும் மெஷினில் நின்று வந்தவர்தான். அவருக்கும் அது தெரியும். "கரண்ட் இருக்கறப்ப ஓட்டிரு. வெள்ளிக்கிழமை துணி டையிங்குக்குப் போகோணும். விழுந்தாப் பாத்துக்கலாம்," என்றார்.

நேவி ப்ளூவில் ஒரு கோடு

வெள்ளைத் துணியில் ஒன்றும் தெரியவில்லை. சாயம் ஏறி, நேவி ப்ளூவாகத் திரும்பி வந்தபோது தெரிந்தது. செக்கிங் டேபிளில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் துணியை இழுத்துவிட்டார்கள். மேலிருந்து கீழே, முழு ரோலுக்கும், நகக்கீறல் மாதிரி ஒரு பட்டை. ரோல் மாற்றினாலும் அதே இடத்தில் அதே பட்டை. இதற்கும் எங்கள் தொழிலில் பேர் இருக்கிறது. சிங்கர் லைன்.

கார்மென்ட்ஸ்காரர்கள் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேனேஜர் சின்னச்சாமி அண்ணனைக் கூப்பிட்டார். நான் பக்கத்து மேஜையில் இருந்தேன்.

"நூறு சிங்கர் எங்க போச்சு? காலு மொளச்சுப் போயிருச்சா?"

"தெரியலீங்க. நான் ஊறப் போட்டப்ப முழுசா இருந்துச்சுங்க."

"உன் கையில இருந்த சாமானுக்கு நீதான பதில் சொல்லோணும்? மொதலாளி கத்தறாரு. நீ இந்த வாரத்தோட நின்னுக்க சின்னச்சாமி. நான் எழுதிக் குடுத்தாச்சு."

சின்னச்சாமி அண்ணன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "சரீங்க," என்றார். அவ்வளவுதான்.

ஜெபராஜ் அண்ணனுக்கு அன்று சாயங்காலம் டீக்கடையில் நான்தான் சொன்னேன். அவர் முதலில் வருத்தப்பட்டார், நல்ல மனுசனாச்சே என்று. அப்புறம் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் பாதியில் நிறுத்தினார்.

"எதுல ஊறப் போட்டிருந்தாராம்?"

"மேஜைக்கு அடியில, பழைய பெயிண்ட் டின்னுலதாங்ணா."

டம்ளரைக் கீழே வைத்தார். "சனிக்கெழம ராத்திரி இருட்டுல நான் கைய விட்டதும் அந்த டின்னுலதான் தம்பி," என்றார். பையிலிருந்து அவர் பிடி பிடியாக எடுத்துக் கட்டியது என் கண்ணுக்கு வந்தது. அந்தத் தகடுகளில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. இரண்டு பேருமே அதை மோந்துதான் இருந்தோம். எங்கள் யூனிட்டில் எதில்தான் அந்த வாடை அடிக்காது?

அடுத்த இரண்டு நாள் அவர் ஷிப்ட் முடிந்ததும் நேராக அறைக்குப் போய்விட்டார். நான் அவர்கள் அறைப் பக்கம் போனபோது முத்துமாரி அக்காவின் குரல் கேட்டது. அக்கா அழவில்லை. மெதுவாக, கணக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார்.

"நீங்க என்ன களவா எடுத்திய? கழிசடைன்னுதான எடுத்திய. அவியளுக்குச் சொந்த வீடு இருக்கு, தோட்டம் இருக்கு. நமக்கு இந்தக் கேட்டு ஒண்ணுதான் இருக்கு. இன்னும் ரெண்டு மாசம் வாயத் தொறக்காதீய. பொறந்தப்புறம் போயி கால்ல விழுந்து சொல்லுங்க."

ஜெபராஜ் அண்ணன் பதில் சொன்னது எனக்குக் கேட்கவில்லை.

சனிக்கிழமை சின்னச்சாமி அண்ணனுக்குக் கணக்கு முடிக்கும்போது ஜெபராஜ் அண்ணன் ஆபீஸ் ரூமுக்குள் வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார், கோயிலுக்குள் வருவது போல.

"சார், அந்தச் சிங்கரை எடுத்தது நான்தான். பழசுன்னு நெனச்சேன். அமராவதில தூண்டிக்குக் கட்டி விட்டுட்டேன்."

மேனேஜருக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. முகம் வெளுத்துப் போனது.

"அந்த மீனுக்கா?"

"ஆமா சார்."

"அடப்பாவி. நான் அதைத் தின்னுட்டு உன்னை வெச்சுக்கலாம்னு எழுதிக் குடுத்திருக்கறேன். கம்பெனி சாமானுல புடிச்ச மீனைத் தின்னுபோட்டு எடுத்தவனையே வெச்சுக்கிட்டேன்னு நாளைக்கு மொதலாளி காதுக்குப் போனா என்னாகும்? நீ களவு பண்ணலேன்னு நான் நம்பறேன். ஆனா இனி உன்னைய வெச்சா என் வேலை போயிரும். உனக்குப் புரியுதா?"

"புரியுது சார்."

சின்னச்சாமி அண்ணன் எழுந்து நின்றார். "ஏனுங்க, சீட்டு ஒட்டாம டின்னுல போட்டது நானுங்க. அவம் பேருல மட்டும் போடாதீங்க. புள்ளத்தாச்சியக் கூட்டிக்கிட்டு எங்கீங்க போவான்?"

"நீ சும்மா இரு சின்னச்சாமி. உனக்குத்தான் வேலை இருக்குதல்லோ," என்றார் மேனேஜர். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பி, "ரைட்டரு, ஜெபராஜு கணக்கை எடு. ரெண்டு வாரச் சம்பளம், தீபாவளி போனசு, ரெண்டையும் துணி டேமேஜுல கழிச்சிரு. ரூம் சாவி நாளைக்கு வாட்ச்மேன்கிட்ட இருக்கோணும்," என்றார்.

அந்த போனஸ்தான் பிரசவச் செலவுக்கு என்று அக்கா எடுத்துவைத்திருந்த பணம். கைக்கு வருவதற்கு முன்னாலேயே எடுத்துவைத்திருந்தார்.

சாவி கொடுத்த அன்று

ரிஜெக்ட் ஆன நேவி ப்ளூ துணியை வேஸ்டாக வாங்கியது காதர் பாய்தான். எங்கள் வேஸ்ட் வேறு யாருக்கும் போகாது. குடோனில் ஒரு ரோலைப் பிரித்து, அந்தப் பட்டையை விரலால் மேலிருந்து கீழே வரை தடவிப் பார்த்தார். ரோலைச் சுருட்டி வைத்தார். பிறகு ஜெபராஜ் அண்ணனுக்காக யார் யாருக்கோ போன் போட்டார். கரூரில் பெட்ஷீட் கம்பெனி ஒன்றில் தெரிந்தவர் ஒருவர், அவர் வீட்டு மாடியில் ஓர் அறை. கேட்டும் கிடையாது, வாட்ச்மேனும் கிடையாது.

ஐப்பசி மழை தூறிக்கொண்டிருந்தது. அறை வாசலில் ஒரு ஸ்டவ், இரண்டு குடம், பாயில் சுற்றிய துணிகள். சின்னச்சாமி அண்ணன் ஊத்துக்குளி வெண்ணெய் ஒரு பொட்டலமும் வேப்பெண்ணெய் பாட்டிலும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பேறுக்கு ஆகும் கண்ணு," என்று அக்காவிடம் சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார். ஜெபராஜ் அண்ணன் காதர் பாயின் வண்டியில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.

கரூரிலிருந்து ஜெபராஜ் அண்ணன் ஒருமுறை போன் செய்தார். பெண் குழந்தை, எடை குறைவு, பெரியாஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள் என்றார். அடுத்த மாதம் நான் கூப்பிட்டபோது அந்த எண்ணில் வேறு யாரோ எடுத்தார்கள். காதர் பாய் கரூருக்கே போய்விட்டு வந்தார். மாடி அறை பூட்டியிருந்தது, எங்கே போனார்கள் என்று வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை. குழந்தை என்ன ஆனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சாவி கொடுத்த அன்று கணக்கு முடித்த தாளை நான் கையில் கொண்டுபோயிருந்தேன். என் கையால் எழுதியது. ஜெபராஜ் அண்ணன் அதைப் பார்க்கவில்லை. பேனாவை வாங்கி, நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கயிற்றை இறுக்கப் போய்விட்டார். முத்துமாரி அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது. தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மொத்தமும் புடிச்சிட்டாவளா தம்பி?"

"ஆமாங்க்கா."

"எவ்வளவு? வாசிச்சுச் சொல்லு."

தாளை வாங்கினேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் பார்க்க வேண்டியதே இல்லை. இருந்தாலும் பார்த்து, எங்கள் வீட்டில் மருந்துச் சீட்டுப் படிப்பது போல, சத்தமாகப் படித்தேன்.

"ஒன்பதாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய்ங்க்கா."